வார்த்தைக்கு 50 பைசா: ஃப்ரீலான்ஸ் எழுத்தை ஒரு தொழிலா நடத்துவது எப்படி?

இந்த வார எபிசோட் எழுதிச் சம்பாதிக்கிறவங்களுக்கும், சம்பாதிக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும். கதை, கவிதை பற்றி இல்லை. கம்பெனி வெப்சைட்டுகளுக்கு பிளாக், புராடக்ட் பேஜ், நியூஸ்லெட்டர், கேஸ் ஸ்டடி எழுதித் தருகிற வேலையைப் பற்றி.

இன்பாக்ஸில் அதிகமா வருகிற கேள்வி இதுதான்: "ப்ரோ, வார்த்தைக்கு 50 பைசா தர்றாங்க, ஓகேவா?" ஒருத்தர் 30 பைசான்னு சொல்வார், இன்னொருத்தர் ஒரு ரூபாய்னு சொல்வார். எண் மாறும், கேள்வி மாறாது. இன்னிக்கு அந்த எண்ணை விட்டுட்டு, அதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயங்களைப் பார்க்கப் போறோம்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். இதைப் பேச எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, இந்த வேலையை ரெண்டு பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கேன். ஆபீஸில் மார்க்கெட்டிங் டீம் வெளியில் எழுதி வாங்குகிற டெக்னிக்கல் கட்டுரைகள் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்கிற வேலை என் டேபிளுக்கு வரும். வார இறுதியில் நானே வெளியில் சில கட்டுரைகள் எழுதியும் கொடுத்திருக்கேன். முழுநேரமா இதை நம்பி வாழ்கிற நண்பர்களும் இருக்காங்க. அவங்களோட அனுபவமும் இதில் இருக்கு.

கம்பெனி எதுக்குக் காசு கொடுக்குது?

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். ஒரு கம்பெனிக்கு 1,500 வார்த்தைகள் தேவையே இல்லை. அதுக்குத் தேவை வாடிக்கையாளர். வார்த்தை வெறும் வாகனம்.

இது இன்டர்நெட் காலத்து விஷயமும் இல்லை. அமெரிக்காவில் விவசாயக் கருவிகள் விற்கிற ஜான் டியர் கம்பெனி 1895-ல் 'தி ஃபர்ரோ'ன்னு ஒரு பத்திரிகையைத் தொடங்கியது. விவசாயிகளுக்குப் பயன்படுகிற தகவல்கள்தான் அதில் முக்கியம். இன்றைக்கும் அந்தப் பத்திரிகை வருகிறது. பிரான்ஸில் டயர் விற்கிற மிஷலான் கம்பெனி 1900-ல் ஒரு கையேட்டை 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. மேப், டயர் மாற்றுவது எப்படி, எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம் போன்ற தகவல்கள். அப்போ பிரான்ஸில் இருந்த கார்களே சில ஆயிரம்தான். மக்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் வாங்குவார்கள். கணக்கு அவ்ளோதான். 20 வருஷம் இலவசமாகக் கொடுத்துவிட்டு, 1920-ல்தான் அதற்கு விலை வைத்தார்கள். இன்றைக்கு ஹோட்டல்களுக்கு ஸ்டார் கொடுக்கிற மிஷலான் கைடு அதுதான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் வளர்ந்த ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ மாதிரி சாஸ் கம்பெனிகளை எடுத்துக்கோங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010-ல் இங்கே தொடங்கி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. இவங்களோட வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி வெளிநாட்டில். டெக்சாஸில் இருக்கிற ஒரு சின்ன கம்பெனி முதலாளியைப் பார்க்க சென்னையில் இருந்து சேல்ஸ்மேனை அனுப்ப முடியாது. அவர் ராத்திரி உட்கார்ந்து கூகுளில் ஏதோ ஒரு பிரச்சினையைத் தேடுவார். அந்த நேரத்தில் அவர் கண்ணில் படுகிற கட்டுரைதான் சேல்ஸ்மேன். சென்னையில் இவ்வளவு கன்டென்ட் வேலைகள் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆக, நீங்க விற்பது வார்த்தை இல்லை. விற்பனைக்கு முன்னாடி நடக்கிற ஒரு உரையாடல். வார்த்தைக்கு இத்தனைன்னு விலை சொன்ன அந்த நிமிஷமே, "நான் எடை போட்டு விற்கிற சரக்கு"ன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. எடை போட்டு விற்கிற சரக்குக்கு எப்பவும் குறைந்த விலையில் இன்னொருத்தர் இருப்பார்.

அந்த இன்னொருத்தர் இப்போ மெஷின்

2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா'ன்னு ஒரு அப்டேட் கொண்டு வந்தது. கீவேர்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் மேலோட்டமான கட்டுரைகளைக் கொட்டிய தளங்கள் அதில் பெரிய அடி வாங்கின. 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான கூகுளின் வழிகாட்டியில் 'அனுபவம்' என்ற அளவுகோலும் சேர்ந்தது. எழுதியவர் அந்த விஷயத்தைத் தானே செய்து பார்த்தவரா என்ற கேள்வி. அதற்குச் சற்று முன்னாடி, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியாகியிருந்தது. 2024 மார்ச்சில், ஆளே எழுதினாலும் மெஷின் எழுதினாலும், தேடலை ஏமாற்றுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்கள் ஸ்பாம்தான் என்று கூகுள் விதியை மாற்றியது.

வார்த்தைக்கு 50 பைசா வேலை பெரும்பாலும் என்ன வேலை? கூகுளில் முதல் பத்து முடிவுகளைப் படித்து, கலந்து, பதினோராவதா ஒன்றை எழுதுவது. அதை மெஷின் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறது. அந்த வேலையில் நீங்க 50 பைசாவுக்குப் போட்டி போடலை, பூஜ்யத்துக்குப் போட்டி போடுறீங்க.

அப்போ மிச்சம் என்ன இருக்கு? என் டேபிளுக்கு வந்த ரெண்டு கட்டுரைகளைச் சொல்றேன். ரெண்டுமே ஒரே தலைப்பு: ஏபிஐ ரேட் லிமிட். அதாவது ஒரு சர்வரிடம் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை கேட்கலாம் என்கிற கட்டுப்பாடு.

முதல் கட்டுரையில் இலக்கணப் பிழை ஒன்று கூட இல்லை. "இன்றைய வேகமான டிஜிட்டல் உலகில்" என்று ஆரம்பித்து, ரேட் லிமிட் ஏன் முக்கியம் என்று பத்து பாயின்ட். எல்லாமே சரி. ஆனால் படித்து முடித்த டெவலப்பருக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரியாது.

ரெண்டாவது கட்டுரையை எழுதியவர் முதலில் என்னிடம் 30 நிமிஷம் கேட்டார். "உங்க சப்போர்ட் டீமுக்கு இதைப் பற்றி வருகிற டிக்கெட்ல ஜனங்க எங்கே மாட்டிக்கிறாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. 429 என்கிற எர்ரர் வந்ததும் பல பேர் உடனே மறுபடி மறுபடி முயற்சி செய்து நிலைமையை மோசமாக்குகிறார்கள் என்று சொன்னேன். கட்டுரை அங்கேதான் தொடங்கியது. எவ்வளவு நேரம் காத்திருக்கணும், ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தை ஏன் இரட்டிப்பாக்கணும், கோட் எங்கே வரும்னு எல்லாம் இருந்தது. நான் ரெண்டு வரிதான் திருத்தினேன்.

முதல் கட்டுரையின் எழுத்தாளரை மார்க்கெட்டிங் டீம் மறுபடி கூப்பிடவில்லை. ரெண்டாமவர் கேட்டது அவரைவிடப் பல மடங்கு ரேட். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. காரணம் எளிமையானது. என் நேரம் மிச்சமானது. திருத்தி எழுத வேண்டிய தேவை இல்லாத கட்டுரை கம்பெனிக்கு மலிவு, அதன் பில் பெரிசாக இருந்தாலும் கூட.

மெஷினால் என் சப்போர்ட் டீமிடம் போய் உட்கார முடியாது. பேட்டி எடுப்பது, தானே செய்து பார்ப்பது, வாடிக்கையாளரிடம் பேசி அவர் சொன்னதை எழுதுவது: இந்த மூன்றும்தான் உங்களிடம் இருக்கிற சரக்கு.

சரி, எவ்வளவு கேட்பது?

இன்ஜினியர் மூளைக்கு வேலை கொடுப்போம். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

வேலையில் இருக்கிறப்போ கைக்கு மாதம் 50,000 ரூபாய் வருதுன்னு வைப்போம். ஃப்ரீலான்ஸுக்கு வந்தால் பிஎஃப்-ல் கம்பெனி போடுகிற பங்கு கிடையாது. ஹெல்த் இன்ஷூரன்ஸ் நீங்களே கட்டணும். லேப்டாப், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா எல்லாம் உங்க பாக்கெட். காய்ச்சல் வந்து படுத்தால் சம்பளத்தோடு லீவு கிடையாது. அதனால் அதே வாழ்க்கையை நடத்த மாதம் 70,000 வேணும்னு வைத்துக்கொள்வோம். இது உதாரணம்தான், உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

மாதத்தில் 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 176 மணி நேரம். இதில் எல்லாமே காசாகாது. கிளையன்ட் தேடணும், மெயில் எழுதணும், பில் போடணும், புதுசா படிக்கணும். பாதிதான் பில் போடக்கூடிய நேரம்னு எடுத்துக்கிட்டா 88 மணி நேரம். 70,000-ஐ 88-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 800 ரூபாய். இதுதான் உங்க ஒரு மணி நேரத்தின் விலை.

இப்போ ஒரு 1,500 வார்த்தைக் கட்டுரை. ஆராய்ச்சி 4 மணி நேரம், பேட்டி 1, எழுதுவது 4, திருத்தம் 2, மெயில்-போன் 1. மொத்தம் 12 மணி நேரம். 12-ஐ 800-ஆல் பெருக்கினால் 9,600 ரூபாய். வார்த்தைக் கணக்கில் 6 ரூபாய் 40 பைசா.

அதே கட்டுரையை 50 பைசாவுக்கு எழுதினால் 750 ரூபாய். 12 மணி நேரத்துக்கு 750 என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. அந்த ரேட்டில் 12 மணி நேரம் செலவழிக்க யாராலும் முடியாது. அதனால் என்ன நடக்கும்? ஆராய்ச்சியை வெட்டுவீங்க, பேட்டியை வெட்டுவீங்க, ரெண்டு மணி நேரத்தில் முடிப்பீங்க. அதாவது மெஷின் செய்கிற அதே வேலையைச் செய்வீங்க. குறைந்த ரேட் உங்க பாக்கெட்டை மட்டும் பாதிக்கலை. உங்களை மேலே ஏற்றிவிடக்கூடிய வேலையைச் செய்யவிடாமலும் தடுக்குது. இந்தச் சுழல்தான் ஆபத்து.

அதுக்காக நாளைக்கே எல்லாரும் 9,600 கேளுங்கன்னு சொல்லலை. முதல் மூன்று சாம்பிள் இல்லாத ஒருத்தருக்கு அந்த விலை கிடைக்காது. ஆனால் உங்க எண் எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சே குறைவான ரேட்டை ஏற்பது ஒரு முதலீடு. தெரியாமல் ஏற்பது நஷ்டம்.

கிளையன்டிடம் மணிக்கணக்கையும் சொல்ல வேண்டாம், வார்த்தைக் கணக்கையும் சொல்ல வேண்டாம். மொத்த விலையைச் சொல்லுங்க. "ஒரு கட்டுரை 9,600 ரூபாய். இதில் உங்க டீமில் ஒருத்தரோடு ஒரு பேட்டி, அவுட்லைன், முழு டிராஃப்ட், ரெண்டு முறை திருத்தம் அடங்கும். மூன்றாவது திருத்தத்தில் இருந்து தனிக் கட்டணம். 50 சதவீதம் அட்வான்ஸ், மீதி டிராஃப்ட் கொடுத்த 15 நாளில்." இதை மெயிலில் அனுப்புங்க. அவங்க "ஓகே"ன்னு பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்க. போனில் பேசினாலும், பேசி முடித்ததும் "நாம் பேசியது இது"ன்னு ஒரு மெயில்.

"விலை ஜாஸ்தியா இருக்கே"ன்னு சொன்னால்? விலையை அப்படியே குறைக்காதீங்க. வேலையைக் குறைத்து விலையைக் குறையுங்க. "பேட்டி இல்லாமல், ஒரே ஒரு திருத்தத்தோடு என்றால் 7,000-க்கு முடியும்." அப்போதான் உங்க முதல் விலைக்கு ஒரு காரணம் இருந்ததுன்னு அவங்களுக்குப் புரியும்.

எழுதியது யாருக்குச் சொந்தம்?

இது பல பேருக்குத் தெரியாத, ஆனால் ரொம்ப உபயோகமான விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, வேலையில் இருக்கிற ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது கம்பெனிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் ஊழியர் இல்லை. அதனால் நீங்க எழுதின கட்டுரையின் முதல் உரிமையாளர் பொதுவாக நீங்கதான். காசு கொடுத்ததாலேயே உரிமை தானாகக் கை மாறிவிடாது. அந்த மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதவில்லை என்றால் 5 வருஷம் என்றும், எந்த நாட்டுக்குன்னு எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும், எல்லா நாட்டிலும், என்றென்றைக்கும் எங்களுக்கே"ன்னு ஒரு பாரா இருக்கும். அது தப்பு இல்லை, அவங்க தளத்தில் போடுகிற கட்டுரைக்கு அவங்களுக்கு அது தேவைதான். நீங்க அதில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்க: "முழுப் பணமும் கிடைத்த பிறகே உரிமை மாறும்." இந்த வரி இருந்தால், பணம் தராமல் கட்டுரையைத் தளத்தில் போட்டவரிடம் "என் கட்டுரையை எடுங்க"ன்னு கேட்கிற உரிமை உங்க கையில் இருக்கும். கூடவே இன்னொன்று: "இதை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்." இன்னொருத்தர் பெயரில் வெளியாகிற எழுத்தாக இருந்தால் இந்த வரியை முன்கூட்டியே பேசியாகணும். இல்லைன்னா ரெண்டு வருஷம் வேலை செய்தும், காட்ட ஒரு சாம்பிள் கூட இல்லாமல் நிற்பீங்க.

பணம் வரலைன்னா?

என் தோழி ஒருத்தி முழுநேர ஃப்ரீலான்ஸர். சென்னையில் வாடகை வீடு, ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பணும். ஒரு கிளையன்ட்டிடம் மூன்று இன்வாய்ஸ், மொத்தம் 66,000 ரூபாய் நின்றுபோனது. "ஃபைனான்ஸ் டீமில் இருக்கு", "அடுத்த வாரம்", "மேனேஜர் லீவு." மூன்று மாதம் இதே பதில். அந்த மூன்று மாதமும் வீட்டு ஓனர் "அடுத்த வாரம்"னு சொன்னால் ஒத்துக்கொள்வாரா? ஊரில் இருந்து அப்பா போன் செய்து, "வேலையை விட்டது சரிதானாம்மா?"ன்னு கேட்டார்னு சொன்னாள். அவள் வேலை செய்யாமல் இல்லை. வேலை செய்த காசு வேறொருவர் அக்கவுன்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவளிடம் ஒரு விஷயம் முன்னாடியே இருந்தது: உத்யம் பதிவு. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரும் சட்டப்படி ஒரு குறுந்தொழில்தான். மத்திய அரசின் உத்யம் போர்ட்டலில் ஆதார், பான் வைத்து ஆன்லைனில் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. "எடுத்துத் தர்றோம்"னு காசு கேட்கிற தளங்களை நம்பாதீங்க.

இந்தப் பதிவு இருந்தால் 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்க பக்கம் வருகிறது. அதில் இருக்கிற முக்கியமான விஷயங்கள் நான்கு.

ஒன்று: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் கூட, வேலையை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்.

இரண்டு: நீங்க வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் எதிர்ப்பு வரவில்லை என்றால், வேலையை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். மூன்று மாதம் கழித்து "குவாலிட்டி சரியில்லை"ன்னு சொல்வது எடுபடுவது கஷ்டம். டிராஃப்டை மெயிலில் அனுப்பச் சொல்வதற்கு இதுதான் காரணம், தேதி பதிவாகும்.

மூன்று: தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. உதாரணத்துக்கு பேங்க் ரேட் 6 சதவீதம்னு வைத்தால் வருஷத்துக்கு 18 சதவீதம். 66,000-க்கு முதல் மாத வட்டி மட்டும் 990 ரூபாய்.

நான்கு: அப்பவும் தரவில்லை என்றால், மாநில அளவிலான வசதிக் கவுன்சிலில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பு.

இதோடு இன்னொரு பிடியும் இருக்கு. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு புது விதியைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் 31 தாண்டி இழுத்தால் அவங்களுக்கு அந்த வருஷம் வரி கூடும். உங்க கடனை மார்க்கெட்டிங் மேனேஜர் மறக்கலாம், ஆனால் அவங்க ஆடிட்டர் மறக்க மாட்டார்.

தோழி என்ன செய்தாள்? கோபமா ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. இன்வாய்ஸ் நம்பர், தேதி, தொகை, உத்யம் நம்பர், தாமதமான நாட்கள், சட்டப்படி இன்றைய தேதிக்கு வட்டி. இவ்வளவையும் ஒரு டேபிளாகப் போட்டு, இந்த முறை ஃபைனான்ஸ் டீமுக்கு அனுப்பினாள். கடைசி வரி: "இந்தத் தேதிக்குள் வரவில்லை என்றால் கவுன்சிலில் மனு கொடுக்கிறேன்." அசல் மொத்தமும் வந்தது. வட்டி வரவில்லை, அவளும் துரத்தவில்லை. அந்த கிளையன்ட் மறுபடி வேலை கொடுக்கவில்லை. இதையும் சொல்லியாகணும். சட்டம் பணத்தை மீட்டுத் தரும், உறவை மீட்டுத் தராது. அந்த உறவு வேணுமா என்பது வேற கேள்வி.

ரெண்டு விஷயத்தை நினைவில் வைங்க. உத்யம் பதிவு வேலையைத் தொடங்குவதற்கு முன்னாடியே இருக்கணும், பிரச்சினை வந்த பிறகு எடுத்தால் பழைய பாக்கிக்கு உதவும்னு நம்ப முடியாது. அடுத்து, வெளிநாட்டு கிளையன்ட்டிடம் இந்தச் சட்டத்தை வைத்து வசூல் செய்வது நடைமுறையில் கஷ்டம். அங்கே உங்க பாதுகாப்பு அட்வான்ஸ்தான்.

வரி பற்றி சுருக்கமா

இந்தியக் கம்பெனிகள் உங்களுக்குப் பணம் தரும்போது டிடிஎஸ் பிடிப்பாங்க. தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதம், சிலர் காண்ட்ராக்ட் வேலை என்று 1 சதவீதம் பிடிப்பாங்க. 9,600 பில்லுக்கு 8,640 வந்தால் ஏமாற்றிட்டாங்கன்னு நினைக்காதீங்க. பிடித்த தொகை உங்க பான் நம்பரில் ஏறியிருக்கான்னு வருமான வரி போர்ட்டலில் பாருங்க. ரிட்டர்ன் போடும்போது உங்க வரியில் கழியும், கூடுதலாக இருந்தால் திரும்ப வரும். ஏறவில்லை என்றால் அதைத்தான் உடனே கேட்கணும்.

ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். லாபம் இல்லை, மொத்த வரவு. "ஜிஎஸ்டி நம்பர் இல்லைன்னா வேலை இல்லை"ன்னு யாராவது சொன்னால், இந்த வரம்பைச் சொல்லிப் பாருங்க. மற்றபடி வருஷத்துக்கு ஒரு முறை நல்ல ஆடிட்டரைப் பார்ப்பது நல்ல செலவு.

கிளையன்ட் எங்கே கிடைப்பாங்க?

பிளாட்ஃபார்ம்களில் தொடங்கலாம். ஆனால் அங்கே ஒரு பங்கு போய்விடும். ஃபைவர் எழுத்தாளர் வாங்குகிறதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், அங்கே கிளையன்ட் பிளாட்ஃபார்முக்குச் சொந்தம், உங்களுக்கு இல்லை.

இங்கேதான் மிஷலான் கதை மறுபடி வருது. அடுத்தவங்களுக்குக் கன்டென்ட் மார்க்கெட்டிங் செய்து தருகிற நாம, நமக்கு அதைச் செய்றோமா? "ஐ ஆம் எ பேஷனேட் ரைட்டர்"னு லிங்க்ட்இன்னில் போடுவதால் ஒருத்தருக்கும் பயன் இல்லை. உங்க கிளையன்ட் ராத்திரி எதைத் தேடுவார்? அதை எழுதுங்க.

முதலில் ஒரு துறையைப் பிடிங்க. இதுவரைக்கும் வாழ்ந்த வாழ்க்கையில் இருந்தே அது வரலாம். நீங்க டெஸ்டிங் வேலையில் இருந்தால் டெஸ்டிங் டூல் கம்பெனிகள். நர்சிங் படித்திருந்தால் ஹெல்த் டெக். அப்பாவுக்குத் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் இருந்தால் ஜவுளித் தொழிலுக்கான சாஃப்ட்வேர். "எதை வேணும்னாலும் எழுதுவேன்"னு சொல்கிறவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்து, யாரும் கேட்காமலே மூன்று சாம்பிள். அந்தத் துறையில் வேலை செய்கிற ஒருத்தரைப் பேட்டி எடுத்து எழுதின ஒன்று, ஒரு டூலை நீங்களே பயன்படுத்திப் பார்த்து எழுதின ஒன்று, ஒரு பிரச்சினையை எப்படித் தீர்ப்பதுன்னு படிப்படியாகச் சொல்கிற ஒன்று. உங்க பெயரில் எங்காவது வெளியிடுங்க.

பிறகு 20 கம்பெனிகளின் பட்டியல். ஒவ்வொன்றின் பிளாக்கையும் படிங்க. மெயில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: "உங்க தளத்தில் இந்த விஷயத்துக்குக் கட்டுரை இல்லை. உங்க வாடிக்கையாளர்கள் இதைத் தேடுவாங்கன்னு நினைக்கிறேன், காரணம் இது. இதே மாதிரி நான் எழுதினது இங்கே. ஆர்வம் இருந்தால் அவுட்லைன் அனுப்புகிறேன்." பாதி பேர் பதில் கூடப் போட மாட்டாங்க. அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அவங்க இன்பாக்ஸைப் பற்றிய தகவல். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு ஃபாலோ-அப் போடுங்க.

"டெஸ்ட் கட்டுரை இலவசமா எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டால்? சாம்பிளைக் காட்டுங்க. அதற்கு மேலும் வேணும்னா, குறைந்த விலையாக இருந்தாலும் விலை வைத்துச் செய்யுங்க. இலவசமாகக் கொடுத்த கட்டுரை அவங்க தளத்தில் வந்துவிட்டால் உங்களிடம் கையில் எதுவும் மிஞ்சாது.

வேலையை விடலாமா?

கடைசியா, பல பேர் கேட்கிற பெரிய கேள்வி. என் பதில் ஒரு செக்லிஸ்ட். ஆறு மாத வீட்டுச் செலவு பேங்கில் இருக்கா? உங்க பெயரில் தனியா ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கா? மாதாமாதம் வேலை தருகிற ரெண்டு கிளையன்ட்டாவது இருக்காங்களா? அதில் ஒருத்தரிடம் இருந்து மட்டும் வருமானத்தில் பாதிக்கு மேல் வருதா? வந்தால், அவர் ஒரு மெயிலில் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? உங்க இப்போதைய வேலையின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு படிச்சீங்களா? இதுக்கெல்லாம் பதில் சரியா இருந்தால் பயப்படாமல் விடுங்க. இல்லைன்னா வார இறுதியில் இன்னும் கொஞ்ச நாள். எழுத்து எங்கேயும் ஓடிப்போகாது.

என் தோழி விட்டாள். இன்னிக்கும் முழுநேரம்தான் எழுதுகிறாள். ஆனால் அட்வான்ஸ் அக்கவுன்ட்டில் விழாமல் கூகுள் டாக் கூடத் திறக்க மாட்டாள்.

இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க் மூன்று. ஒரு பேப்பரில் உங்க மணி நேர விலையைக் கணக்குப் போடுங்க. உத்யம் போர்ட்டலில் பதிவை முடிங்க. அடுத்து அனுப்பப் போகிற மெயிலில் வார்த்தைக்கு இத்தனைன்னு எழுதாமல், இந்த வேலைக்கு இத்தனைன்னு எழுதுங்க. உங்க எண் எவ்வளவு வந்ததுன்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. எழுதுகிற நண்பர் யாராவது இருந்தால், முக்கியமா "ப்ரோ, 50 பைசா ஓகேவா?"ன்னு கேட்கிற நண்பர் இருந்தால், இந்த எபிசோடை அவருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.